சாட்சிக் கையெழுத்து

“அழாத தாயி. கோர்ட்டு நோட்டீஸு வந்தா உலகமா அழிஞ்சு போச்சு? நான் இருக்கேம்ல!”

காசிராஜன் அண்ணாச்சி தன் பலசரக்குக் கடைக்குள் தங்கலட்சுமிக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கடனுக்குச் சீனி கேட்டு வந்த காலத்தில் அவளை வெயிலில் நிற்க வைத்த அதே மனுஷர்தான். பரளச்சியில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. கஷ்டப்படுகிறவருக்கு ரோட்டோரம் நிலம் இருந்தால் சுத்தமாக வராது.

தங்கலட்சுமிக்கு இருந்தது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் நின்று மல்லியும் பருத்தியும் போட்டு வந்த கரிசல் காடு. அதற்கு இரண்டு பக்கத்திலும் இருந்த நிலங்களை அண்ணாச்சி ஏற்கெனவே வளைத்துவிட்டார். பெட்ரோல் பங்க் கனவுக்கு நடுவில் இது ஒன்றுதான் அவருக்கு உறுத்தல்.

கோடையிலிருந்து அவள் வீட்டுக் கதவில் விடிவதற்குள் நோட்டீஸ் ஒட்டப்பட்டிருக்கும். நிலம் வேறொருவருக்குச் சொந்தம், உள்ளே கால் வைத்தால் ஜெயில் என்று கோர்ட்டு முத்திரையோடு இருக்கும். மகள் தங்கச்செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கதவிலேயே படித்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

ஐப்பசி மழை பெய்து ஊரே விதைத்து முடித்தது. தங்கலட்சுமி மட்டும் தன் சொந்த வரப்பில், உள்ளே இறங்கப் பயந்துகொண்டு நின்று அழுதாள். அன்று ஆறுதல் சொல்ல முதலில் ஓடி வந்தவரும் நம் அண்ணாச்சிதான். எப்பேர்ப்பட்ட மனசு!

“கூட வந்திருக்கிறது யாரு?” என்றார், பின்னால் நின்ற லுங்கிக்காரரைப் பார்த்து.

“எனக்கு அண்ணன் முறை, அண்ணாச்சி. எம்.ரெட்டியபட்டி. சாட்சிக் கையெழுத்துக்குக் கூட்டியாந்தேன்.”

“படிச்சிருக்காகளா?”

“கையெழுத்து நல்லாப் போடுவாக.”

அண்ணாச்சிக்கு அது போதுமானதாக இருந்தது. பத்திரத் தாள் எடுக்க உள்ளே போனார். லுங்கிக்காரர் அரிசி மூட்டையில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

காபி கொண்டுவந்த அண்ணாச்சியின் மனைவி சுப்பம்மாள், தங்கலட்சுமி மடியில் இருந்த நோட்டீஸை எட்டிப் பார்த்தாள். “என்னத்தா, நாலு மூலையும் மஞ்சளா இருக்கு? சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டியாக்கும்?”

தங்கலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

“கும்பிடட்டும், கும்பிடட்டும்!” என்று சிரித்தபடி அண்ணாச்சி தாளோடு வந்தார். “கோர்ட்டு ஒண்ணும் வெளையாட்டுப் பொருளில்ல தாயி. கோர்ட்டையே ஏய்க்கப் பாத்தா ஏழு வருசம் உள்ள கெடக்கணும். சட்டமெல்லாம் எனக்கு அத்துப்படி.”

“அப்ப காட்டைக் குடுத்துற வேண்டியதுதானா, அண்ணாச்சி?”

“வழக்குல கெடக்குற காட்டை வேற எவன் வாங்குவான்? பாவமேன்னு நான் வாங்கிக்கிறேன். பாதி வெலைக்குத்தான். ஆனா கேஸை நான் பாத்துக்கிடுறேன். இனிமே உன் கதவுல ஒரு நோட்டீஸு ஒட்டுறானான்னு பாரு!”

இவ்வளவு உறுதியாகச் சொல்ல வக்கீலுக்குக்கூட வராது. தங்கலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எழுதுங்க, அண்ணாச்சி.”

காசிராஜன் பத்திரத் தாளை மேஜையில் விரித்தார். பேனா மூடியைத் திறக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளை விரலால் தொட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, தாளின் நாலு மூலையிலும் நிதானமாக வைத்தார்.

அப்பா காலத்துப் பழக்கம். புதுப் பில் புத்தகமானாலும், பேரனின் ஸ்கூல் அப்ளிகேஷனானாலும், மஞ்சள் வைக்காமல் அவர் கையைவிட்டு ஒரு தாள் நகராது. கை தானாகவே போய்விடும். அதைப் பற்றி அவர் யோசிப்பதுகூடக் கிடையாது.

லுங்கிக்காரர் கண்ணை முழுசாகத் திறந்தார். எழுந்து வந்தார். தங்கலட்சுமி நீட்டிய நோட்டீஸை வாங்கி, பத்திரத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தார்.

இங்கே நாலு மூலை மஞ்சள். அங்கேயும் நாலு மூலை மஞ்சள்.

சுப்பம்மாள் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அண்ணாச்சி ஒரு தாளைப் பார்த்தார், இன்னொரு தாளைப் பார்த்தார், கடைசியில் தன் விரலைப் பார்த்தார். தங்கலட்சுமி இப்போது தலை குனியவில்லை. இத்தனை மாதம் அழுத கண்ணால் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யா... யாருய்யா நீரு?”

“கோர்ட்டு அமீனா. நெசமான நோட்டீஸு குடுக்கிற ஆளு. ஏழு வருசம்னு சொன்னீகளே, அது சரிதான்” என்றபடி அவர் இரண்டு தாள்களையும் பத்திரமாக மடித்தார்.

“ஆனா நாங்க மஞ்சள் வைக்கிறதில்ல, அண்ணாச்சி.”