இடது பக்கம் திரும்பினால் வரும் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை வானொலியில் ‘வண்டி வைத்தியம்’ ஆரம்பித்துவிட்டால் போதும், ஊரிலிருக்கும் கார்க்காரர்களில் பாதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். போன் செய்கிறவர் தன் காரில் வரும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்ட வேண்டும். நிகழ்ச்சி நடத்தும் மெக்கானிக் அதைக் கேட்டே நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். யாரையும் இரண்டாவது முறை செய்யச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அதனால் அவருக்கு வைத்தியர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரை அவர் மனைவிகூட மறந்திருப்பாள்.

அப்பேர்ப்பட்டவருடைய காரையே அந்த வாரம் எவனோ வானொலி நிலையத்து வாசலிலிருந்து கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தினமும் வேலை முடிந்து பஸ் ஸ்டாப் வரை அந்தக் காரில்தான் போவாள். வைத்தியரின் கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த கார் அது. யார் என்ன விலைக்குக் கேட்டாலும் அவர் மனைவி விற்க விடமாட்டாள். திருட்டுப் போன அன்று அந்த அம்மாள் போலீஸ் ஸ்டேஷனில் அழுத அழுகையைப் பார்த்து இன்ஸ்பெக்டரே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். வைத்தியர் மட்டும் அழவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. மனுஷன் இடிந்துபோய்விட்டார் என்று தயாரிப்பாளர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைய நிகழ்ச்சி பாதி தாண்டியபோது ஒரு போன் வந்தது. இளைஞன் குரல். பழைய கார் வாங்கி விற்கிற தொழில் என்றான். இப்போது ஒன்று கைக்கு வந்திருக்கிறது, பார்க்க மணியாக இருக்கிறது, ஆனால் வாங்க வருகிறவனெல்லாம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிடுகிறான் என்று புலம்பினான்.

“நேரா போனா ஒண்ணும் இல்ல சார். இடது பக்கம் திருப்பினா மட்டும்...” என்றவன், மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு செய்து காட்டினான். “கீய்ய்ங்... டபக்... கொர்ர்ர்.”

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் ஸ்டாப் முனையில் அவள் தினமும் கேட்கிற அதே சத்தம். ஒரு ‘கொர்’கூடக் குறையவில்லை. இதை ஏன் சரி பண்ணாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம், ஊரார் வண்டியைப் பார்க்கவே நேரம் போதவில்லை என்று சிரித்து மழுப்புவார்.

“சார், இது உங்க வண்டி” என்றாள், அவருடைய ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி.

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். தெரியும் என்பதுபோல் தலையசைத்தார். பிறகு உதட்டில் விரலை வைத்தார்.

அவளுக்குப் புல்லரித்துவிட்டது. மனுஷன் வலை விரிக்கிறார். இன்னொரு போனை எடுத்து இன்ஸ்பெக்டரைப் பிடித்தாள். அவன் நிற்கிற இடம் மட்டும் தெரிந்தால் போதும், நிகழ்ச்சி முடிவதற்குள் அமுக்கிவிடலாம், அதுவரை பேச்சை வளர்க்கச் சொல்லுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

இடத்தைக் கேளுங்கள் என்று வைத்தியரின் காதில் ஓதினாள். அவர் கேட்கவில்லை. ஆயில் எப்போது மாற்றினீர்கள், டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று சாவகாசமாக விசாரித்தார். போதாததற்கு, “இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க தம்பி” என்றார். அவனும் சளைக்காமல் செய்தான். திருடனுக்குத் துளி சந்தேகம் வராமல் நேரத்தை ஓட்டுகிற சாமர்த்தியத்தை நினைத்துத் தயாரிப்பாளர் வாயைப் பிளந்தாள்.

கடைசியில் அவனே உளறிக் கொட்டினான். பாலத்துக்குக் கீழே இருக்கிற பெட்ரோல் பங்க்கில்தான் நிற்கிறேன், காற்றை இப்போதே பார்த்துவிடட்டுமா என்றான். அதை அவள் அப்படியே இன்ஸ்பெக்டரிடம் ஒப்பித்தாள். வைத்தியருக்கு ஏசி அறையிலும் வியர்த்துக் கொட்டியது. பாவம், பதற்றம் இருக்காதா பின்னே.

ஒரு பாட்டுப் போடும்படி அவளுக்குச் சைகை காட்டினார். பாட்டு ஓடத் தொடங்கியதும் மைக்கை அணைத்துவிட்டு, மேஜைப் போன் ரிசீவரில் அவன் லைனை எடுத்து, கையால் வாயை மறைத்தபடி ஏதோ குசுகுசுத்தார். அவள் காதில் இன்ஸ்பெக்டர் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. எப்படியும் ஆளைத் தேன் தடவிய வார்த்தையால் கட்டிப்போடுகிறார் என்று நிம்மதியாக இருந்தாள். கார் கிடைத்த செய்தியை அந்த அம்மாளிடம் தானே முதலில் சொல்ல வேண்டும் என்றும் முடிவு செய்துகொண்டாள்.

பாட்டு முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் இரைந்தார். பங்க்கில் காரும் இல்லை, ஆளும் இல்லை. போனில் பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று காற்றடிக்கிற குழாயைக்கூடக் கழற்றாமல் பறந்துவிட்டானாம்.

அடுத்த பாட்டைத் தட்டிவிட்டு ஸ்டூடியோவுக்குள் ஓடினாள். “போச்சு சார், தப்பிச்சுட்டான். அவன்கிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?”

மைக் அணைந்துதான் இருக்கிறதா என்று வைத்தியர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் என்றைக்கும் இல்லாத தெளிவு.

“போலீஸ் வருது, இடது பக்கமே திரும்பாம ஓடிடுன்னு சொன்னேன்.”

வைத்தியர் பெருமூச்சு விட்டார்.

“எத்தனை தடவை பிரிச்சு மாட்டியும் அது என்ன சத்தம்னு எனக்கே தெரியலம்மா, வெளிய தெரிஞ்சா என் பொழப்பே நாறிடும்னு, சாவியை வண்டியிலயே விட்டுட்டு வாரக்கணக்கா காத்திருந்து இப்பதான் ஒரு புண்ணியவான் கிடைச்சான், அவனைப் போய்ப் பிடிச்சுக் குடுக்கப் பாக்கறியே.”