மாமியார் கருதுகோள்

"நான் எப்படி டீ போட்டாலும் உங்கம்மாவுக்கு சப்புன்னுதான் இருக்கு. என்னைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது," என்றாள் மனைவி.

கல்லூரியில் அறிவியல் தத்துவம் நடத்தும் கணவன் சிரித்தான். "அது உன் கருதுகோள். தப்பா இருந்தா தப்புன்னு காட்டிக்குடுக்கற மாதிரி ஒரு சோதனை வைக்கணும்."

"தாராளமா வைங்க. மக போட்டதுன்னு சொல்லிக் கழுநீரைக் குடுத்தாலும் வாய் நிறையப் புகழுவாங்க."

அன்று, கட்டிக்கொடுத்த தங்கை வந்திருந்தாள். கணவன் தானே ஒரு டீ போட்டான். சர்க்கரைக்குப் பதில் இரண்டு கரண்டி உப்பைக் கலக்கி எடுத்துப் போனான்.

"அம்மா, இது தங்கச்சி போட்ட டீ."

அம்மா ஒரு வாய் குடித்தாள். "அடடா, இதுல்ல டீ!"

அடுக்களை வாசலில் நின்ற மனைவி, திரும்பி வந்தவனை மறித்தாள். "பாத்தீங்களா? மக கைன்னா உப்பும் இனிக்குது! என் கருதுகோள் ஜெயிச்சிடுச்சு."

அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாசத்துல புகழலாம். ஆனா உப்பு டீயை முழுசா குடிக்க முடியுமா? இந்தச் சான்றுக்கு வேற விளக்கமும் இருக்கு," என்றான் மெதுவாக.

மனைவி ஓடிப்போய் மாமியார் அருகில் உட்கார்ந்தாள். "அத்தை, உங்களுக்கு ருசி தெரியலையா?"

"போன மாசம் வந்த காய்ச்சலுக்கப்புறம் நாக்கு மரத்தே போச்சும்மா."

"அப்புறம் ஏன் இந்த டீயை மட்டும் நல்லா இருக்குன்னீங்க?"

"அவ வந்துட்டுப் போற பொண்ணு, மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன். உன்கிட்டதானே உள்ளதைச் சொல்ல முடியும்?"