ஓட்டை விழாத தாள்

"அந்த லாக் புக்கக் காட்டுங்க சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

ஆய்வு மாணவியாக அவள் சேர்ந்த அன்றே சீனியர் அக்கா எச்சரித்திருந்தாள். சாரிடம் லீவு கேள், சிபாரிசுக் கடிதம் கேள், சண்டைகூடப் போடு. அயனிகளைப் பாய்ச்சும் இயந்திரம் ஓடிய நேரத்தை எழுதிவைக்கும் அந்த நோட்டை மட்டும் கேட்டுவிடாதே.

மூன்று மாதமாக மாணவிக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

கன அயனிகள் பாய்ந்த பிளாஸ்டிக் தாளும் பாயாத தாளும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மைக்காத் தகடும் அப்படியே. பிளாஸ்டிக்கைச் சூடான காரத்திலும் மைக்காவை அமிலத்திலும் ஊறப்போட்டால்தான், அயனி போன தடம் அரித்து நுண்ணிய ஓட்டையாகத் திறக்கும்.

அவளுக்கு ஒன்றுகூடத் திறக்கவில்லை.

காரத்தைக் கூட்டினாள். சூட்டைக் கூட்டினாள். தாள் மங்கியதுதான் மிச்சம்.

அதே தாள்கட்டிலிருந்து பாதியை எடுத்துப்போன அக்காவோ, சதுர சென்டிமீட்டருக்கு நான்கு லட்சம் ஓட்டை என்று கட்டுரையே வெளியிட்டுவிட்டாள்.

கைராசி இல்லாதவள் என்று ஆய்வகமே சிரித்தது. ஓட்டை போடவா இத்தனை வருஷப் படிப்பு என்று வீட்டில் அப்பா கேட்டார். குடும்பத்தின் முதல் பட்டதாரி அடுத்த தாளைக் காரத்தில் போட்டாள்.

பேராசிரியர் நோட்டைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார்.

அவளும் அக்காவும் பங்கிட்ட தாள்களை இயந்திரத்தில் வைத்த தேதி. எதிரே இரண்டே வார்த்தை: பீம் வரவில்லை.

மூன்று முறை படித்தாள். ஒரு அயனிகூடப் பாயாத தாள். அப்படியென்றால் அந்த நான்கு லட்சம்?

"அவளும் இதே பக்கத்தப் பாத்தா. புரிஞ்சு நடந்துகிட்டா. மெஷின்ல அடுத்த டர்ன் கெடைக்க ஒரு வருஷம் ஆகும்மா. நீயும் ஒரு நம்பரப் போட்டுட்டுப் பட்டத்த வாங்கற வழியப் பாரு."

அன்பாகத்தான் சொன்னார். அக்காவும் அன்று அன்பாகத்தான் சொன்னாள். அக்கா காப்பாற்றப் பார்த்தது இவளையா, தன்னையேவா? அதுதான் விளங்கவில்லை.

எழுந்தாள். சாயங்காலத்துக்குள் அந்த நம்பரோடு அறிக்கை தன் மேசைக்கு வர வேண்டும் என்றார் அவர்.

அவளுடைய அறிக்கை காலையிலேயே, அவள் பட்டத்தை மதிப்பிடும் ஆய்வுக் குழுவுக்குப் போயிருந்தது. ஓட்டைகளின் எண்ணிக்கை: பூஜ்யம். தப்பு தன் கையிலா, வேறெங்கோவா என்று தெரியாமலேதான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அதை அவரிடம் சொல்லவில்லை. வெளியே போகையில் கதவையும் சாத்தவில்லை.