வீரமணிக்குள் இருப்பது

“எல்லாரும் உக்காந்தாச்சா? அப்ப தேதி போட்டுடறேன்,” என்றார் சந்திரமோகன்.

டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பரீட்சை அட்டையோடு அவர். கட்டில் விளிம்பில் காலாட்டிக்கொண்டு கலைமதி. சமையலறைக் கதவில் சாய்ந்தபடி அவள் அம்மா சசிகலா, சந்திரமோகனின் தங்கை. ஃபேனுக்கு நேர் கீழே பாயில் சசிகலாவின் கணவர் வீரமணி. அவர் முன்னால் தட்டிலிருந்த களியில் ஆவி பறந்தது. அவர் இன்னும் கை வைக்கவில்லை.

“வாட்ஸ்அப்ல அனுப்புனா முடிஞ்சுது. எதுக்கு மாமா பேப்பரு, மார்ஜினு?” என்றாள் கலைமதி.

“கடுதாசின்னா ஒரு முறை இருக்குதும்மா. அனுப்புநர், பெறுநர், பொருள்...”

பொருள் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

சித்தேரி மலைமேல் வந்திறங்கி, மனித உடம்புக்குள் புகுந்து குடியேறும் அந்த உயிர்களைப் பற்றி இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே முகம், அதே குரல், நடைகூட மாறாது. உள்ளே இருப்பது மட்டும் வேறு. எந்த உடம்புக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் மொரப்பூரில் முகாம் போட்டிருந்தார்கள். ஆய்வுக் குழு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வீடும் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். இருக்கக் கூடாதது இருந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உடம்பு திரும்பி வரும். உள்ளே இருந்தது வராது.

“உள்ளதை எழுதிடலாம் சசி.” சந்திரமோகன் குரலைத் தாழ்த்தினார். “மறைச்சது தெரிஞ்சா நம்ம மூணு பேரையும் சேர்த்து ஏத்திடுவாங்க. பொம்மிடியில ஒரு வூட்டையே காலி பண்ணிட்டாங்களாம்.”

“ஏத்தட்டுங்க.”

“வாயில சொல்றது சுலபம்.”

“ஆடி மாசக் காய்ச்சலை மறந்துட்டீங்களாண்ணா?”

மறக்கக்கூடியதா அது? அந்தக் காய்ச்சலில் இந்த வீட்டில் எழுந்து நடமாடியது ஒன்றே ஒன்றுதான். வீரமணிக்குள் இருப்பது.

“மூணு பேரும் கை காலு விளங்காம கிடந்தோம்,” என்றாள் சசிகலா. “கதவைச் சாத்திட்டு அது பாட்டுக்குப் போயிருக்கலாம். போச்சா? ராகிக் கஞ்சி காச்சி ஸ்பூன் ஸ்பூனா ஊத்துச்சு. நாம அதோட ஆளுங்க இல்லன்னு அதுக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் ஊத்துச்சு.”

“என்னை முதுகுல சுமந்துக்கிட்டு பாத்ரூமுக்குப் போச்சு,” என்றார் சந்திரமோகன் மெல்ல. “நான் என்ன கனம்! திட்டிக்கிட்டேதான் தூக்குச்சு. ஆனா கீழ போடலை.”

“எனக்குச் சிக்கெடுத்துத் தலை வாரி விட்டுச்சு.” கலைமதியின் காலாட்டம் நின்றிருந்தது. “எங்களுக்கு ஏன் இதெல்லாம் செய்யறீங்கன்னு கேட்டேன். ‘உன் மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கிறது’ன்னுச்சு.”

சசிகலாவிடமும் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது அது அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தது.

பாயில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். “எதுக்குங்க வம்பு? என்னைக் குடுத்துடுங்க. நீங்களாச்சும் நல்லா இருங்க.”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் சசிகலா. “முதல்ல சாப்பிடுங்க. களியைக் குடுத்துத்தான் சோதிக்கறாங்களாம். அதுல தேறிட்டாப் போதும்.”

அவர் களியைக் கிள்ளி உருட்டி, கொள்ளுக் குழம்பில் புரட்டி வாயில் போட்டார். உருண்டை தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“போச்சு!” கலைமதி தலையில் அடித்துக்கொண்டாள். “மறுபடியும் முழுங்கிட்டீங்க! மெல்லணும். நாங்க எப்படித் திங்கறோம்னு பாத்திருக்கீங்கல்ல?”

“களியைப் போயி யாராச்சும் மெல்லுவாங்களா? பல்லுல அப்பிக்குதும்மா.”

“அப்பட்டும். உசுரு பெருசா, பல்லு பெருசா?”

சந்திரமோகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “மென்னு பழகிக்குங்க மாப்ள. தலையெழுத்து!”

வீரமணி அடுத்த உருண்டையை வேப்பங்காய் போலக் கடித்து, முகத்தைச் சுளித்து மென்றார். மூன்று பேரும் மூச்சு விடாமல் அந்தத் தாடையையே பார்த்தார்கள்.

“பரவால்லையே!” என்றாள் கலைமதி. “இன்னும் ரெண்டு வேளை பழகுனா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

சந்திரமோகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “காப்பாத்துனவங்களைக் காட்டிக் குடுத்த பாவம் நமக்கு வேண்டாம் சசி. வர்றது வரட்டும்.”

பேனா ஓடியது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நாலாவதாக வீரமணியும், கையைக் கழுவிக்கொண்டு வந்து போட்டார். “உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!” என்றார். “நாங்க செய்யறதே கைம்மாறுதானுங்க,” என்றாள் சசிகலா.

மார்ஜின் பிசகாத அந்தக் கடிதத்தைச் சந்திரமோகன் ஒருமுறை உரக்க வாசித்தார்:

“‘மதிப்பிற்குரிய முகாம் தலைவர் அவர்களுக்கு வணக்கம். இந்த வீட்டின் நான்கு உடம்புகளிலும் நம் இனத்தாரே நலமாகக் குடியேறியிருக்கிறோம். மனிதர் என்று ஒருவரும் இங்கே மிச்சமில்லை.’”

தனக்குச் சொந்தமில்லாத விரல்களால் சசிகலா கவரை அழுத்தி ஒட்டிக் கொடுக்க, கலைமதி ஓடிப்போய் அதை மொரப்பூர் பஸ் கண்டக்டர் கையில் சேர்த்தாள்.