அத்தைக்கு ஒட்டிய சொல்

ஆங்கிலச் சொற்கள் மனதில் நிற்பதற்காக, அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி, குண்டசாலையில் உள்ள தன் வீடு முழுக்க ஒட்டினாள் நிலூஷா. கதவில் ‘டோர்’, அலுமாரியில் ‘கப்போர்ட்’.

கம்பளையிலிருந்து வந்திருந்த அத்தையின் தோளில் ‘பெஸ்ட்’.

அத்தை பூரித்துப்போனாள். “நான்தான் பெஸ்ட்டாம்! இன்னும் ஒரு கெழம இருந்துட்டே போறேன்.”

அம்மா மகளை அடுப்படிக்கு இழுத்தாள். “அவங்கள ஏன்டி அப்படி உசத்தின?”

“நீங்கதானேம்மா அப்பாகிட்ட, ‘பீடை வந்து எறங்கிருச்சு’ன்னு சொன்னீங்க? பீடைக்கும் இங்கிலீஷ்ல பெஸ்ட்தான். எழுத்து வேற, ஆனா தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான்.”

அம்மா அவசரமாக மகளின் வாயைப் பொத்தினாள்.

ஹாலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “நிலூஷா, இத இங்கிலீஷ் எழுத்துலயே எழுதிக் குடும்மா. ஊர்ல எல்லாருக்கும் காட்டணும்!”