சொத்தைப் பல்லும் இரண்டு கேப்களும்

இந்தக் கதை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் தோழி ஜெசிந்தா சொன்னது.

ஐந்து வயது ஆதிரையின் கடைவாய்ப் பால் பல் சொத்தையாகிவிட்டது. அதன் மேல் மாட்ட, டாக்டரின் தட்டில் வெள்ளையில் ஒன்றும் ஸ்டீலில் ஒன்றுமாக இரண்டு கேப்கள், அதாவது பல் உறைகள், காத்திருந்தன.

"நான் போனாத்தான் பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கும். நீ போனா தகரம் அடிச்ச மாதிரி இருக்கும்," என்றது வெள்ளை கேப்.

"உனக்கு இடம் விடணும்னா பல்லை நிறையச் சீவணுமே, மகாராணி! நான் இருக்கிற பல்லையே இறுக்கிப் பிடிச்சுக்குவேன்," என்றது ஸ்டீல் கேப்.

"அக்கா, அண்ணே, யாராவது ஒருத்தர் வாங்க. வேர் வரைக்கும் வலிக்குது," என்று பல் கெஞ்சியது.

"கொஞ்சம் பொறு. பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்!" என்றன இரண்டும்.

வெளியே ஆதிரையின் அப்பாவும் அம்மாவும் இதையேதான் பேசினார்கள். வெள்ளையா, ஸ்டீலா என்று முடிவாகாமலே அவளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

மறுபடி வந்தபோது ஆதிரையின் கன்னம் வீங்கியிருந்தது. பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ரத்தத்தோடு அது தட்டில் வந்து விழுந்தது.

"உன்னாலதான்," என்றது வெள்ளை கேப்.

"உன்னாலதான்," என்றது ஸ்டீல் கேப்.



பிறகு நானே ஒரு டாக்டரிடம் விசாரித்தேன். அந்த இடத்தில் அடுத்த பல் முளைக்க, ஆதிரைக்குப் பத்து வயதாவது ஆக வேண்டுமாம்.