ஒரு குடும்பத்துக்கு ஒன்று

"ஏம்மா, அந்தக் கூப்பனைப் பல்லால கடிச்சுக் கிழிச்சியா? ஓரமெல்லாம் பீத்தலா இருக்கு!"

வரிசையில் முன்னால் நின்ற கண்ணாடிக்காரி திரும்பிப் பார்த்தாள். அவள் கையில் செய்தித்தாளிலிருந்து கிழித்த எண்ணெய்க் கூப்பன். பின்னால் நின்ற அம்மாளின் கையிலும் அதே கூப்பன்தான், கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டியது.

"செல்லும்," என்றாள் கண்ணாடிக்காரி.

"கோடு போட்ட பட்டை கிழிஞ்சா மெஷின் எடுக்காது. எனக்கு இருபது வருஷப் பழக்கம்."

"கிழியலைங்க. செல்லும்."

சூப்பர் மார்க்கெட்டில் ஒரே ஒரு கவுண்டர்தான் திறந்திருந்தது. அதன் மேல் அட்டை தொங்கியது: 'பாதி விலை எண்ணெய். ஒரு குடும்பத்துக்கு ஒரு பாட்டில் மட்டும்.' வரிசை ஆமை மாதிரி நகர்ந்தது. அந்த அம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னைப் பத்தித் தெருவுல என்ன சொல்றாங்க தெரியுமா? எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டாளாம். சொல்லிட்டுப் போகட்டும். நான் காய்த் தோலைக்கூட எறியறதில்லை, வதக்கி அரைச்சுடுவேன். மாடியில பழைய பெயிண்ட் டப்பா பதினொண்ணு, எல்லாத்துலயும் தக்காளி. இந்தத் தடவை காய்ச்சுத் தள்ளிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துறா, மறுபடியும் தக்காளியான்னு."

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நீங்களே சாப்பிட வேண்டியதுதானே?"

"ஒத்தை ஆளுக்கு எவ்வளவு வேணும்? அரைத் தக்காளி வெட்டிப் போடுவேன். மீதியை மூடி வெச்சா, மறுநாளும் அதே அரைத் தக்காளி என்னையே பார்த்துக்கிட்டு இருக்கும்."

"அப்புறம் யாருக்காக இவ்வளவு சிக்கனம்?"

"பொண்ணு படிப்புக்குன்னு ஆரம்பிச்சது. எங்க வம்சத்துலயே காலேஜ் வாசலை மிதிச்சவ அவதான். படிச்சு முடிச்சு, வேலைக்கும் போயிட்டா. எனக்குத்தான் கை நிக்கலை." அந்த அம்மாள் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். "வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. போன் பண்ணா 'நல்லா இருக்கேன், வெச்சிடறேன்.' அவ்வளவுதான். நீயும் படிச்ச பொண்ணாத் தெரியுது. நீ சொல்லேன். ஒரு பொண்ணு பெத்த தாயைப் பார்க்க ஏன் வர மாட்டா?"

கண்ணாடிக்காரி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வரிசை ஓரடி நகர்ந்தது.

"அக்கா, எண்ணெய் வாங்க நிக்கிறீங்களா, சம்பந்தம் பேச நிக்கிறீங்களா?" பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "நகருங்க!"

"நகருதுல்ல? நீங்க ஏன் தள்ளுறீங்க?" என்று அவர் மேல் பாய்ந்தாள் கண்ணாடிக்காரி. பாய்ந்த வேகம் அடங்குவதற்குள் அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக் கதையைச் சொல்லவா? சோறு போடும்போதே ஆரம்பிக்கும். இது தோலுல செஞ்சது, இது தண்டுல செஞ்சது, இந்த எண்ணெய் கூப்பன்ல வாங்கினது, எல்லாம் உனக்காகத்தான், உன் படிப்புக்காகத்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'சாப்பிடு'ன்னு மட்டும் சொல்லிப் போட்டிருந்தா என்ன? வாய்க்கு வாய் அப்படிச் சொன்னா சோறு தொண்டையில இறங்குமா?"

அந்த அம்மாள் பையை மறுபடியும் வலக்கைக்கு மாற்றினாள்.

"வீட்டுல ரெண்டு பேரு. ஒருத்தி தட்டுல முழு முட்டை, இன்னொருத்தி தட்டுல வெறும் குழம்பு. முழு முட்டை தின்னவளுக்குக் கண்ணு தெரியாதா? தெரிஞ்சுதானே தின்னா?"

"அதுக்காக அம்மா மேல வெறுப்பா?"

"வெறுப்பா?" கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். "வெறுப்பா இருந்தா வந்து நாலு வார்த்தை சண்டை போட்டுட்டுப் போயிருப்பா. இது வேற. அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே திருடின மாதிரி இருக்கும். அம்மாவோட இருபது வருஷத்தைத் தின்னுட்டு வந்து நிக்கிற மாதிரி. அதான் கால் வர்றதில்லை."

அந்த அம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கவுண்டர் வந்துவிட்டது.

பில் போடுகிறவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போதிலிருந்து பேசிக்கிட்டே வர்றீங்க. ஒரே வீடா? ஒரே வீடுன்னா ஒரு பாட்டில்தான் தருவேன், சொல்லிட்டேன்."

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது," என்றாள் கண்ணாடிக்காரி.

"ஆமாம்மா. யாரோ ஒரு பொண்ணு," என்றாள் அந்த அம்மாள். "வரிசையில நின்னா கால் வலிக்குது, சும்மா பேச்சுக் கொடுத்தேன்."

பீத்தல் கூப்பனும் செல்லுபடியானது. கண்ணாடிக்காரி தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

அந்த அம்மாள் மெதுவாகத்தான் வந்தாள். கடையைத் தாண்டி, தெரு திரும்புகிற இடத்தில், மருந்துக் கடையின் மறைவில் கண்ணாடிக்காரி காத்திருந்தாள். தன் பாட்டிலை அந்த அம்மாளின் பைக்குள் திணித்தாள்.

"போதுமாம்மா? இதுக்குத்தான் அவ்வளவு தூரத்துல இருந்து பஸ் ஏறி வரச் சொன்னியா? ஒரு பாட்டில் எண்ணெய்க்காகப் பெத்த பொண்ணையே யாரோன்னு சொல்லிட்டியே!"

"எண்ணெய் கிடக்குது, வீட்டுல பிரிக்காம நாலு பாட்டில் இருக்கு," என்றாள் அம்மா. "அம்மாவாக் கேட்டா நீ போனை வெச்சிடறே. யாரோ ஒருத்தியாக் கேட்டாத்தானேடி பதில் சொல்றே?"